பழைய ரோட் சைக்கிள்: மேட்டில் மிதிக்கும்போது கியர் தானாக இறங்குகிறது. லீவரை மாற்றணுமா, சரிசெய்ய முடியுமா?

சாலைமிதி:

எல்லாருக்கும் வணக்கம். மாமா ஓட்டிக்கிட்டிருந்த ரோட் சைக்கிள் இப்போ என்கிட்ட வந்திருக்கு. எண்பதுகளோட தொடக்கத்துல செஞ்சது. ஃப்ரேம்ல ரெனால்ட்ஸ் 531 (எஃகுக் குழாயோட பேர்) ஸ்டிக்கர் இன்னும் அழியாம இருக்கு. முன்னாடி 52, 42 பல். பின்னாடி 6 ஸ்பீடு ஃப்ரீவீல் (பல்சக்கரத் தொகுதி), 14, 16, 18, 20, 23, 26. பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்துற பாகம்) கம்பாக்னோலோ நுவோவோ ரெக்கார்ட். கியர் லீவர் ரெண்டும் கீழ்க்குழாய்ல இருக்கு. கிளிக் எதுவும் கிடையாது, நாமளே தள்ளி நாமளே நிறுத்திக்கணும்.

நான் இதுவரைக்கும் ஓட்டினதெல்லாம் பிரேக் லீவரோடயே கியர் வர்ற புது சைக்கிள்தான். அதனால எது இந்த சைக்கிளோட இயல்பு, எது கோளாறுன்னே எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. நடக்கிறது இதுதான்:

மேட்டுல சீட்டை விட்டு எழுந்து மிதிச்சா செயின் தானாவே சின்னப் பல்லுக்கு இறங்கிடுது. மிதிச்ச கால் சட்டுனு கனத்து நின்னுபோகுது. ட்ராஃபிக்ல இது நடந்தா விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு.

அப்புறம், பெரிய பல்லுக்கு ஏத்தலாம்னு லீவரை இழுத்தா முதல்ல ஒண்ணுமே நடக்கிறதில்ல. இன்னும் கொஞ்சம் இழுத்தா ஒரு பல்லைத் தாண்டி அடுத்ததுல போய் உக்காருது.

நடுவுல இருக்கிற 18, 20 ரெண்டுலயும் லீவரை எங்க நிறுத்தினாலும் கரகரன்னு ஒரு சத்தம் விடாம வருது.

கேபிளை இறுக்கிப் பாத்தாச்சு. லிமிட் ஸ்க்ரூ ரெண்டும் சரியா இருக்கு, செயின் ஸ்போக் பக்கமோ ஃப்ரேம் பக்கமோ விழுறதில்ல. கடையில காட்டினப்போ, இதெல்லாம் இப்போ யாரும் தொடுறதில்ல, மொத்தமா கழட்டிட்டு கிளிக் லீவர் போட்டுக்கோங்கன்னு சொன்னாங்க. மாமா வெச்சிருந்தபடியே ஓட்டணும்னு எனக்கு ஆசை. ஆனா மேட்டுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டவும் முடியாது. அனுபவம் இருக்கிறவங்க வழி சொல்லுங்க.


காற்றெதிரி:

எனக்கும் இதே தொல்லை இருந்துச்சு, நான் மாத்திட்டேன். கீழ்க்குழாய்லயே மாட்டுற ஷிமானோ 7 ஸ்பீடு கிளிக் லீவர், அதுக்கேத்த பின் டிரெய்லியர், 7 ஸ்பீடு ஃப்ரீவீல். பின் டிராப்-அவுட் (சக்கரத்தோட அச்சு உக்கார்ற ஃப்ரேம் முனை) ரெண்டுக்கும் நடுவுல 126 மி.மீ. இடைவெளி இருக்கிற ஃப்ரேம்னா எல்லாம் அப்படியே உக்காரும், ஃப்ரேமை விரிக்கத் தேவையில்ல. பாக்கிறதுக்கும் பழைய சைக்கிளாவே இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. லீவரை மட்டும் மாத்திட்டு நுவோவோ ரெக்கார்டை வெச்சுக்க முடியாது. ஒரு கிளிக்குக்கு லீவர் எவ்வளவு கேபிள் இழுக்குது, அதுக்கு டிரெய்லியர் எவ்வளவு நகருது, பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி எவ்வளவு, இந்த மூணும் ஒத்துப்போகணும். அந்த இடைவெளி 6 ஸ்பீடுல சுமார் 5.5 மி.மீ., 7 ஸ்பீடுல 5, 8 ஸ்பீடுல 4.8. பழைய டூரா-ஏஸ் 7400 லீவர் கிடைச்சா இன்னும் உஷாரா இருங்க. அதோட கேபிள் கணக்கு மத்த ஷிமானோ டிரெய்லியரோட சேராது.


எஃகுச்சட்டம்:

தம்பி, அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள். காற்றெதிரி சொன்ன கணக்கு சரி, கிளிக் லீவர்தான் வேண்டும் என்றால் அவர் சொன்ன முறையில்தான் போட வேண்டும். ஆனால் உங்கள் சைக்கிளில் இருக்கும் கோளாறு புது லீவர் போட்டாலும் கூடவே வரும். பின் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் கோணலாக இருந்தால் கிளிக் லீவர் இதைவிட அதிகமாகப் படுத்தும். கையால் நிறுத்தும் லீவரிலாவது கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிச் சமாளிக்கலாம், கிளிக்கில் அதற்கும் வழியில்லை. எடி மெர்க்ஸ் 1969 முதல் 1974 வரை ஐந்து டூர் டி பிரான்ஸ் வென்றது கிளிக் இல்லாத இந்த லீவர்களோடுதான், பின்னால் இருந்ததும் இதே நுவோவோ ரெக்கார்ட்தான். சாமானில் குறை இல்லை. அது சரியான நிலையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் கேபிளை இறுக்கித் தீர்க்க முடியாது.

முதலில் மேட்டில் இறங்கும் செயின், ஏனென்றால் ஆபத்தானது அதுதான். பின் டிரெய்லியருக்குள் இருக்கும் ஸ்பிரிங் எப்போதும் செயினைச் சின்னப் பல் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது லீவருக்குள் இருக்கும் வாஷர்களின் உராய்வு ஒன்றுதான். 26 பல்லில் இருக்கும்போது ஸ்பிரிங் அதிகபட்சமாக நீண்டிருக்கும், இழுவையும் அங்கேதான் அதிகம். மேடு ஏறும்போது நீங்கள் இருப்பதும் அந்தப் பல்லில்தான். எழுந்து நின்று மிதித்தால் ஃப்ரேம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஒவ்வொரு மிதிக்கும் கேபிள் ஒரு சுண்டு சுண்டும். உராய்வு போதாவிட்டால் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, ஒரு கட்டத்தில் செயின் கீழே குதித்துவிடும்.

வலது லீவரின் நடுவில் மடக்கி நிமிர்த்தும் அரைவட்டக் கம்பி வளையம் ஒன்று இருக்கும், பாருங்கள். அதை நிமிர்த்தி, விரலாலேயே வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். ஓட்டும்போதே கையால் இறுக்கிக்கொள்ளத்தான் அந்த வளையத்தை வைத்தார்கள். எவ்வளவு இறுக்கம் போதும் என்பதற்கு நான் பார்க்கும் சோதனை இது: பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து, செயினை 26-ல் ஏற்றிவிட்டு, கீழ்க்குழாயை ஒட்டி ஓடும் கேபிளை நடுவில் ஒரு விரலால் வெளிப்பக்கம் இழுத்து விடுங்கள். நாலைந்து தடவை சுண்டியும் லீவர் இருந்த இடத்திலேயே நின்றால் மேட்டிலும் நிற்கும். நகர்ந்தால் இன்னொரு கால் சுற்று. கட்டைவிரலால் இழுக்கச் சிரமப்படும் அளவுக்கு இறுக்கியும் நழுவினால் வாஷர்களில் எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கழற்றும்போது எது எதன்மேல் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வரிசை மாறினால் லீவர் பிடிக்கவே பிடிக்காது. துடைத்துக் காயவைத்து அதே வரிசையில் மாட்டுங்கள்.

அடுத்தது ஹேங்கர். பழைய சைக்கிளில் எல்லோரும் பார்க்காமல் விட்டுவிடும் இடமும் இதுதான், முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். டிராப்-அவுட்டிலிருந்து கீழே இறங்கி, டிரெய்லியரைத் தாங்கி நிற்கும் அந்தக் காதைச் சொல்கிறேன். சைக்கிள் வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே அது உள்பக்கம் மடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மடங்கினாலும் கீழே தொங்கும் ஜாக்கி வீல்கள் (டிரெய்லியரில் செயின் சுற்றி ஓடும் இரண்டு குட்டிச் சக்கரங்கள்) பல்லுக்கு நேராக இல்லாமல் கோணலாக நிற்கும். செயின் ஒரு பல்லில் ஏறிய பிறகும் பக்கத்துப் பல்லை உரசிக்கொண்டே ஓடும். உங்கள் 18, 20 பல்லின் கரகரச் சத்தத்தில் பாதி இதுவாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பார்ப்பது எப்படி? சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணைப் பல்லின் மட்டத்துக்கு இறக்கி, இரண்டு ஜாக்கி வீலும் பல்லின் தளத்துக்கு இணையாகத் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கீழே இருப்பது ஸ்போக் பக்கம் உள்வாங்கியிருந்தால் ஹேங்கர் மடங்கியிருக்கிறது. ஜாக்கி வீல்களைத் தாங்கும் டிரெய்லியரின் கூண்டே வளைந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும், அதனால் அளந்து பார்ப்பது நல்லது. அதற்கென்று நீண்ட கை வைத்த கருவி இருக்கிறது. கையில் இல்லாவிட்டால் பழைய மெக்கானிக்குகள் செய்யும் வழி ஒன்று உண்டு. ஹேங்கரின் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச். குவிக்-ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றும் அமைப்பு) வைத்த பல பின் சக்கரங்களின் ஆக்சில் மரையும் இதே அளவுதான். கம்பாக்னோலோவின் பழைய மரை அங்குலத்துக்கு 26 என்ற கணக்கு, வித்தியாசம் மிகக் குறைவு, கையாலேயே ஏறும். டிரெய்லியரைக் கழற்றிவிட்டு, வேறொரு பின் சக்கரத்தின் குவிக்-ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு, மறுமுனை லாக்நட்டைப் பிடித்து அந்த ஆக்சிலை ஹேங்கருக்குள் திருகுங்கள். இப்போது உங்கள் சக்கரமும் இந்தச் சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நான்கு இடத்தில் இரண்டு ரிம்முக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தால் ஹேங்கர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு சக்கரமும் கோட்டம் இல்லாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அளவே பொய்யாகிவிடும். நான்கு இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மி.மீ.க்குள் இருந்தால் கை லீவருக்கு அது தாராளம்.

எஃகு ஃப்ரேம் என்பதால் நிமிர்த்தலாம். அலுமினியமாக இருந்தால் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பின் சக்கரத்தை டிராப்-அவுட்டில் இறுக்கி வைத்துவிட்டு, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் ஹேங்கரை முழுதாகக் கவ்விப் பிடித்து, மெதுவாக ஒரே இழுப்பில் கொண்டுவாருங்கள். இங்கும் அங்குமாகப் பலமுறை மடக்கினால் மரைக்குப் பக்கத்தில் விரிசல் விடும். கை நடுங்கினால் ஃப்ரேம் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், சில நிமிட வேலைதான்.

மூன்றாவது, செயினும் ஃப்ரீவீலும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் நுனியை, செயினின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவில் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் செயினோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் பலமாக மிதிக்கும்போது பல்லின் மேல் ஏறி வழுக்கும். செயின் வாங்கும்போது 6, 7, 8 ஸ்பீடுக்குச் சேரும் இன்றைய செயினையே வாங்குங்கள். பக்கத் தகடுகளின் ஓரம் சரித்துச் செதுக்கியிருப்பதால் பல்லைச் சட்டென்று பிடிக்கும். பழைய ஃப்ரீவீலில் இந்த ஒரு மாற்றமே உங்களுக்கு வேறு சைக்கிளில் ஏறியதாகத் தோன்றும். கூடவே, ஏறுவதற்கு வசதியாகப் பக்கவாட்டில் செதுக்கல் வைத்த இன்றைய ஃப்ரீவீலும் போட்டால் இன்னும் சுலபம்.

நான்காவது, கேபிளும் உறையும். இழுத்ததும் முதலில் ஒன்றும் நடப்பதில்லை என்றீர்களே, அதன் பெரும்பகுதி இங்கே இருக்கும். செயின்ஸ்டேயிலிருந்து (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாய்) டிரெய்லியருக்கு வளைந்து போகும் அந்தக் கடைசித் துண்டு உறையைக் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். பழைய சுருள்கம்பி உறை சுருங்கும். நீங்கள் லீவரில் இழுக்கும் முதல் கொஞ்சம் அந்தச் சுருக்கத்திலேயே போய்விடுகிறது, டிரெய்லியர் நகர்வதே இல்லை. உள்ளே வழவழப்பான குழாய் வைத்த, சுருங்காத புது உறை போடுங்கள். வெட்டும்போது முனை நேராக இருக்க வேண்டும். வெட்டியதும் உள்குழாய் நசுங்கியிருக்கும், ஊசியால் அதன் வாயைத் திறந்துவிட்டு முனைக்குத் தொப்பி மாட்டுங்கள். வளைவு ரொம்பக் குட்டையாக இருந்தாலும் இடிக்கும், நீளமாக வெளியே துருத்தினாலும் கெடுக்கும். 1.2 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி போதும். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்கும் இடம்) அருகே கேபிள் உரசித் திரும்பும் இடத்தில் துளி கிரீஸ்.

இதெல்லாம் முடிந்த பிறகும் இந்த டிரெய்லியர் உங்கள் புது சைக்கிள் போல உடனே பதில் சொல்லாது. அது கோளாறில்லை, அதன் அமைப்பு. நுவோவோ ரெக்கார்டின் நகரும் சட்டம் நேராகக் குறுக்கே போய்வரும். பல் சிறிதாகச் சிறிதாக மேல் ஜாக்கி வீலுக்கும் பல்லுக்கும் இடையே தூரம் அதிகமாகிக்கொண்டே போகும். அவ்வளவு நீளத்துக்குச் செயின் பிடிமானம் இல்லாமல் இருப்பதால், ஜாக்கி வீல் நகர்ந்த பிறகு செயின் வளைந்து பின்தொடரக் கொஞ்சம் நேரமாகும். அந்தச் சட்டத்தைப் பல்லின் சரிவுக்கேற்பச் சாய்த்து, ஜாக்கி வீல் எல்லாப் பல்லுக்கும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் வரும்படி செய்தது சன்டூர் கம்பெனி, 1964-ல். அதன் காப்புரிமை முடிந்த பிறகுதான் மற்றவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள், 1984-ல் ஷிமானோவின் கிளிக் லீவர் வெற்றி பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, நுவோவோ ரெக்கார்டுக்குக் கம்பெனி சொன்ன வரம்பே 26 பல்தான். நீங்கள் அந்த எல்லையிலேயே இருக்கிறீர்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

மேல் ஜாக்கி வீலையும் விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். யாராவது கிளிக் லீவருக்கான ஜாக்கி வீலை அதில் மாட்டியிருக்கலாம். தானாக நடுவுக்கு வந்து நிற்பதற்காக அதைப் பக்கவாட்டில் ஆடும்படி செய்திருப்பார்கள். கிளிக்குக்கு அது நல்லது, கை லீவருக்குக் கெடுதல். நீங்கள் நகர்த்துவதில் கொஞ்சம் அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோகும். ஆடாத ஜாக்கி வீல்தான் வேண்டும்.

கடைசியாகக் கை. பெரிய பல்லுக்கு ஏற்றும்போது, செயின் ஏறும் இடத்தைத் தாண்டி ஒரு நூல் அளவு அதிகமாக இழுங்கள். செயின் ஏறிவிட்டதைக் கால் சொல்லும், பெடல் லேசாகும். அந்தக் கணமே லீவரை அந்த நூல் அளவு திரும்ப விடுங்கள், சத்தம் அடங்கும். இழுத்து விடுவது இரண்டும் சேர்ந்து ஒரே அசைவு. இழுப்பதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் சத்தம் வரும், அல்லது நீங்கள் சொன்னபடி அடுத்த பல்லுக்குத் தாவும். சின்னப் பல்லுக்கு இறக்க இவ்வளவு வேண்டாம், மெதுவாக முன்னே தள்ளினால் ஸ்பிரிங்கே பார்த்துக்கொள்ளும். கியர் மாற்றும் அந்த அரைச் சுற்று நேரம் பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் காலில் பாரம் இருக்கக் கூடாது. மேட்டின் நடுவில் பலம் கொடுத்து மிதிக்கும்போது இந்த டிரெய்லியரிடம் கியர் கேட்காதீர்கள். மேடு தொடங்குவதற்கு முன்பே, சமதளத்தில் வேகம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். சிவப்பு விளக்கில் நிற்கப் போகிறீர்கள் என்றால் நிற்பதற்கு முன்னாலேயே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள், நின்ற பிறகு மாற்ற முடியாது.


மௌனச்சக்கரம்:

எஃகுச்சட்டம் அண்ணன் சொன்னதோட ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வேற அனுபவம். லீவர் வாஷரை முழுக்கக் காயவெச்சு மாட்டினா என் லீவர் ஒட்டி ஒட்டி நகருது, விட்டு விட்டுப் போகுது. நான் துணியில தடவித் துடைச்செடுத்த அளவுக்கு மட்டும் கிரீஸ் காட்டி, வளையத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி வெச்சிருக்கேன். நழுவல, நகர்றதும் வழவழன்னு இருக்கு. ரெண்டையும் செஞ்சு பாத்து எது கைக்கு ஒத்துவருதோ அதை வெச்சுக்கோங்க.

எவ்வளவு இறுக்கினாலும் கஷ்டமா இருந்தா, லீவரை மட்டும் மாத்துற வழியும் இருக்கு, மொத்தமா கழட்ட வேண்டியதில்ல. சன்டூர்ல உள்ள பொடிப்பல் ராட்செட் வெச்ச லீவர் வந்துச்சு. சிம்ப்ளெக்ஸ்ல உள்ள சுருள் ஸ்பிரிங் வெச்ச லீவர். ரெண்டுலயும் கருத்து ஒண்ணுதான்: இழுக்கிற பக்கம் உராய்வு குறைவு, திரும்பி வர்ற பக்கம் பிடிப்பு அதிகம். அதனால நழுவாமலும் நிக்கும், இழுக்கவும் லேசா இருக்கும். கிளிக் இல்லாததால எந்த டிரெய்லியரோடயும் சேரும். மாமாவோட சைக்கிள் மாமாவோட சைக்கிளாவே இருக்கும். நான் சிம்ப்ளெக்ஸ்தான் வெச்சிருக்கேன், கை பழகின பிறகு வேற லீவர் தொடவே மனசு வரல.

பின் சக்கரத்துலயும் ஒண்ணு பாத்துக்கோங்க. உங்க ஃப்ரேம்ல டிராப்-அவுட் நீளவாக்குல திறந்திருக்கும். குவிக்-ரிலீஸ் சரியா இறுகலைன்னா பலமா மிதிக்கும்போது சக்கரத்தோட வலப்பக்கம் முன்னே இழுபட்டுடும். டயர் இடது செயின்ஸ்டேயை உரசுச்சுன்னா காரணம் அதுதான்.


சாலைமிதி:

அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வரிசையா பண்ணினேன்.

வளையத்தை இறுக்கினதும் நழுவுறது நின்னுடுச்சு. கேபிளைச் சுண்டிப் பாக்கிற சோதனையில முதல்ல லீவர் கண்ணெதிரே ஊர்ந்துச்சு, இப்போ அசையல. மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சுப் பாத்துட்டேன், பல் மாறல.

ஹேங்கர் மடங்கித்தான் இருந்துச்சு. நண்பரோட பின் சக்கரத்தைத் திருகி அளந்தோம். கீழ்ப்பக்கம் நல்லா உள்வாங்கியிருந்துச்சு, பாக்கும்போதே தெரிஞ்சது. நிமிர்த்துறதை ஃப்ரேம் வேலை தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர்கிட்ட கொடுத்தேன், பக்கத்துல நின்னு பாத்தேன். ஸ்பேனரைக் கவ்வ வெச்சு மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பு, அப்புறம் அளந்துட்டு லேசா இன்னொண்ணு. செயின் எட்டில் ஒரு பங்கையும் தாண்டியிருந்துச்சு, அதனால செயின், ஃப்ரீவீல் ரெண்டும் புதுசு, அதே பல் கணக்குல. உறையும் மாத்தியாச்சு. ஜாக்கி வீல் ஆடல, பழசுதான்.

18, 20 ரெண்டுலயும் இப்போ சத்தமே இல்ல. இழுத்து விடுற அந்த ஒரே அசைவு பத்துல பாதி தடவை வருது.

இன்னும் ரெண்டு சந்தேகம். முன்னாடி 52-ல இருக்கும்போது பின்னாடி 14-ல ஓட்டினா முன் டிரெய்லியரோட தகட்டுல செயின் உரசுது. அதைச் சரிபண்ணினா 23-ல உரசுது. லிமிட் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் ரெண்டும் சேர்ந்து சரியாகல. அப்புறம், மேட்டுக்காக 52-லேர்ந்து 42-க்கு இறக்கினா சட்டுனு ரொம்ப லேசாகிடுது, கால் வெறுமனே சுத்துது. இதுக்கு என்ன பண்றது?


எஃகுச்சட்டம்:

நல்லபடியாக முடிந்ததில் மிகவும் சந்தோஷம், தம்பி. அந்தப் பெரியவர் அளந்து பார்த்து நிமிர்த்தினார் பாருங்கள், அதுதான் வேலை.

முன் டிரெய்லியரை லிமிட் ஸ்க்ரூவால் தீர்க்க முயலாதீர்கள். செயின் 14-லிருந்து 26-க்குப் போகும்போது பின்முனை கிட்டத்தட்ட 27 மி.மீ. பக்கவாட்டில் நகர்கிறது, முன் கூண்டின் (செயினை நடுவில் விடும் இரண்டு தகடுகள்) அகலம் அதற்குப் போதாது. இடது லீவர் கிளிக் இல்லாமல் இருப்பது இங்கே வசதிதான். பின்னால் இரண்டு மூன்று பல் மாற்றியதும் உரசும் சத்தம் கேட்டால் இடது லீவரை ஒரு நூல் அசையுங்கள், போய்விடும். 52-ல் இருக்கும்போது பின்னால் பெரிய பல் பக்கம் போனால் இடது லீவரைக் கொஞ்சம் முன்னே, சின்னப் பல் பக்கம் போனால் கொஞ்சம் பின்னே. சில வாரத்தில் வலது கை பின்கியரை மாற்றும்போதே இதுவும் கூடவே நடந்துவிடும்.

அதற்கு முன் கூண்டு சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளித்தகட்டின் கீழ்விளிம்பு 52 பல்லின் நுனிக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில் கடக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் தகடு பல்லுக்கு இணையாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் செயின் ஏறத் தயங்கும். 52, 26 இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள், 42, 14 சேர்க்கையும் வேண்டாம். செயின் மூலைக்கு மூலை இழுபடும், அந்தக் கியர்களுக்கு ஈடானது மற்ற முன்பல்லில் நேராகவே கிடைக்கும்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. 52-லிருந்து 42-க்கு இறங்கினால் கியர் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உங்கள் ஃப்ரீவீலில் ஒரு பல் மாற்றினால் எட்டில் ஒரு பங்கு சுமாராகத்தான் மாறும். அதாவது முன்னால் ஒன்று மாற்றுவது பின்னால் இரண்டு மாற்றுவதற்குச் சமம். அதனால்தான் கால் வெறுமனே சுற்றுகிறது. முன்னால் இறக்கும்போதே பின்னால் ஒரு பல் சின்னதுக்குப் போய்விடுங்கள். 52, 20-ல் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் விகிதம் 2.6. அங்கிருந்து 42, 18-க்குப் போனால் 2.33, சரியாக ஒரு படி இலகு.

இதில் ஒரு வசதி இருக்கிறது. முன்னால் 42-க்கு இறக்க இடது லீவரை முன்னே தள்ள வேண்டும், பின்னால் சின்னப் பல்லுக்குப் போக வலது லீவரையும் முன்னேதான் தள்ள வேண்டும். இரண்டும் ஒரே திசை. வலது கையைக் கீழே இறக்கி, உள்ளங்கையை மேல்குழாய்க்குக் கீழே கொண்டுபோய், ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் விரல்களுமாக இரண்டு லீவரையும் ஒன்றாகத் தள்ளலாம். இடதை முழுதாக, வலதை ஒரு பல் அளவு மட்டும். அந்த நேரம் இடது கை ஹேண்டில் பாரின் நடுவில், ஸ்டெம்முக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஓரத்தில் பிடித்தால் வலது தோள் இறங்கும்போது சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். கண் சாலையில் இருக்கட்டும், லீவரைக் குனிந்து பார்க்க வேண்டாம், இரண்டும் எங்கே இருக்கின்றன என்பது கைக்குத் தெரியும். ஆளில்லாத சமதளச் சாலையில் இதைத் தனியாகப் பழகிவிட்டு அப்புறம் மேட்டுக்குப் போங்கள்.

புதுக் கேபிளின் இழைகளும் உறையின் முனைத் தொப்பிகளும் முதல் சில ஓட்டத்தில் அமுங்கி உட்காரும், வலது லீவர் முன்னே முழுதாகத் தள்ளியிருக்கும்போது கேபிளில் தொய்வு தெரியும். அப்போது செயினை 14-ல் வைத்து, டிரெய்லியரில் கேபிளைக் கவ்வியிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, குறட்டால் இழுத்து, தொய்வு போனதும் மறுபடி இறுக்குங்கள். இழுத்துப் பிடித்து விறைப்பாக்க வேண்டாம். விறைத்தால் செயின் 14-ல் முழுதாக உட்காராது.


சாலைமிதி:

ரெண்டு லீவரையும் ஒண்ணா தள்ளுறது எனக்குத் தோணவே இல்ல அண்ணா. நாளைக்குக் காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போய்ப் பழகுறேன். கூண்டோட உயரத்தை இப்போதான் அளந்தேன், கிட்டத்தட்ட 6 மி.மீ. இருக்கு. இன்னைக்கு ராத்திரியே இறக்கிடறேன்.